லதுஷாவுக்கு எத்தனை வயது?

அத்தியாயம் 17

அழகர் வீட்டு அடுப்பு இரண்டாகி இன்றோடு ஒன்பது நாள்.

ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டி நிற்கும் லயத்தில் அடுப்பு பிரிவது அதிசயமில்லை. உப்புக்குப் பிரியும், புளிக்குப் பிரியும், ஒன்றுமே இல்லாவிட்டால் பக்கத்துக் காம்பராக்காரியின் வாயால் பிரியும். ஆனால் ஓர் அப்பியாசக் கொப்பியால் அடுப்பு பிரிந்தது தெமோதரைப் பக்கத்திலேயே இதுதான் முதல் தடவையாக இருக்கும்.

விட்ட இடம் நினைவிருப்பவர்கள் இந்தப் பந்தியைத் தாண்டிப் போகலாம். அழகருக்கு இரண்டு பையன்கள். மூத்தவன் புவனேந்திரன், அவன் மனைவி புஸ்பராணி, ஒரே மகள் லதுஷா. மூவரும் நமுனுகுலையில் ஒரு தோட்டத்தில் இருந்துவிட்டு மூன்று மாதத்துக்கு முன்புதான் அழகரிடம் வந்து சேர்ந்தார்கள். இளையவன் சதீசனைக் கட்டிக்கொண்டு ஹாலிஎலயிலிருந்து வந்தவள் விஜயலெட்சுமி. வந்து எட்டு மாதமாகிறது. அவள் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகவில்லை. பதுளையில் ஒரு வருடம் படித்துச் சான்றிதழ் வாங்கியவள், தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா அவள் பொறுப்பு. அம்மாமார் மலையேறிய பிறகு முப்பத்தொரு பிள்ளைகளுக்கும் அவள்தான் அம்மா.

பிள்ளைக்கு இரண்டு பக்கம் என்று விஜி ஒரு கொப்பி வைத்திருந்தாள். எந்தப் பிள்ளைக்கு எந்த வயதில் என்ன வந்தது, என்ன வரவில்லை என்று அதில் எழுதுவாள். லதுஷாவின் பக்கத்தில், வயது நான்கு வருடம் ஐந்து மாதம் என்பதற்குக் கீழே, பதினொரு இடத்தில் ‘இன்னும் இல்லை’ என்று இருந்தது. எழுத்துக் கூட்டி வாசிக்கத் தெரிந்த புஸ்பராணி அதை வாசித்துவிட்டாள். என் பிள்ளையை மந்தம் என்று எழுதி வைத்திருக்கிறாயா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் தன் பானையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். ஓரகத்திகளுக்குள் அன்றிலிருந்து பேச்சில்லை.

இன்று புதன்கிழமை. பதுளையிலிருந்து பிள்ளைகளைச் சோதித்துப் பார்க்க சத்தியபாமா மிஸ் வருகிற நாள்.

*

காலையில் லதுஷாவைக் கொண்டுவந்து விட்டது புவனேந்திரன். அதுவே அதிசயம். கொழுந்து ஏற்றும் லொறியில் வேலை செய்கிறவன், பிள்ளைக்காம்பராப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவன். பிள்ளையை இறக்கிவிட்டும் போகாமல் வாசலில் நின்றான்.

“விஜி, மிஸ்ஸு ஒரு லிஸ்டு எழுதுவாங்களாமே. அதுல பேரு போன புள்ளைய ஜனவரிக்கு முன்பள்ளியில சேக்க மாட்டாங்களாம். பண்டாரவளைப் பக்கம் எங்கயோ தனியா அனுப்புவாங்களாம்.”

“ஆமாங்க மாமா. வளர்ச்சி பின்தங்கின புள்ளைங்களுக்குத் தனி வகுப்பு.”

“நம்ம வீட்டுப் புள்ள பேர நீயே எழுதிக் குடுத்துறாத. கொப்பி உன் கையிலதான இருக்கு.”

அதட்டலாக வரவில்லை அந்தப் பேச்சு. கெஞ்சலாக வந்தது. அதுதான் விஜிக்குத் தாங்க முடியவில்லை. ‘இன்னும் இல்லை’ என்பதை அடித்துவிட்டு ‘வந்துவிட்டது’ என்று எழுத ஒரு நிமிடம் போதும். பதினொரு இடத்துக்குப் பதினொரு நிமிடம். அடுப்பும் ஒன்றாகிவிடும், ஓரகத்தியும் பேசிவிடுவாள். ஆனால் ஒன்றை அடித்தால் அந்தக் கொப்பியில் மற்ற முப்பது பிள்ளைகளுக்கு எழுதியதையும் யார் நம்புவது? பொய் எழுத மாட்டேன் என்று அவனிடம் சொன்னாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனான்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. ஒன்பது நாளாக விஜி சரியாகத் தூங்கவில்லை. ஓரகத்தியின் கோபம் ஒரு காரணம் மட்டும்தான். அந்தக் கொப்பியில் எதுவோ கணக்குக்கு வரவில்லை. எதுவென்று நேற்றுச் சாயங்காலம்தான் அவளுக்குப் புரிந்தது. புரிந்ததை யாரிடம் சொல்வது என்பதுதான் புரியவில்லை.

*

சத்தியபாமா மிஸ் ஒன்பதரை மணிக்கு ஜீப்பில் வந்து இறங்கினார். கச்சான் காற்று சேலையைப் பிடித்து இழுக்க, ஒரு கையில் பெட்டியும் மறு கையில் கொண்டையுமாக உள்ளே வந்தார். யாழ்ப்பாணத்துக்காரி. பதுளைக்கு வந்து பதினெட்டு வருடமாகியும் பேச்சு மட்டும் மாறவில்லை. கண்டிப்பானவர் என்று பெயர். பிள்ளைகளிடம் மட்டும் அந்தக் கண்டிப்பு எங்கே போகுமோ தெரியாது.

முதலில் ஏணைப் பிள்ளைகள். ஏழு மாதத்துக் குழந்தைக்கு முன்னால் ஒரு கிலுகிலுப்பையை ஆட்டிக் காட்டி, துவாயால் மூடினார். குழந்தை ஒரு விநாடி பார்த்தது. பிறகு அப்படி ஒரு பொருள் உலகத்திலேயே இல்லாதது போலத் தன் கால் விரலைப் பிடித்துக்கொண்டது. அடுத்தது பதினொரு மாதம். துவாயை வைத்த கை எடுக்கும் முன்பே பிடித்து இழுத்துக் கிலுகிலுப்பையைப் பறித்துக்கொண்டது. கண்ணுக்கு மறைந்தாலும் பொருள் இருக்கும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது. மனித மூளை கற்கும் முதல் பெரிய பாடம் இது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மூளை வளர வழி எங்கே என்று டவுனில் உட்கார்ந்து உச்சுக்கொட்டுகிறவர்கள் அந்தப் பதினொரு மாதத்துக்காரியின் பிடியை வந்து பார்க்க வேண்டும்.

இரண்டு வயதுக்காரன் ஒரு வாழைப்பழத்தைக் காதில் வைத்து, கொழும்பிலிருக்கும் அப்பாவோடு பேசினான். பேசி முடித்ததும் தொலைபேசியை உரித்துத் தின்றான். ஐந்து வயதுக்காரி ஒருத்திக்கு ஒரே அளவாக இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி, ஒன்றை அவள் கண்முன்னாலேயே ஒடுக்கமான உயர்ந்த தம்ளருக்கு மாற்றி, எதில் கூட இருக்கிறது என்று மிஸ் கேட்டார். உயரமானதில்தான் என்று அடித்துச் சொல்லி அதையே எடுத்துக் குடித்தாள். அந்த வயதுக்கு அதுதான் சரியாம். இன்னும் இரண்டு வருடம் போனால் ஏமாற மாட்டாளாம்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் விஜியின் கொப்பியில் இருப்பதையும் மிஸ் ஒத்துப் பார்த்தார். ஒன்றுகூடப் பிசகவில்லை. பதுளை மாவட்டத்தில் தான் போகிற இடங்களில் இப்படி ஒரு கொப்பியைக் காணவில்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். விஜிக்குக் காது வரைக்கும் சூடேறியது. அந்தப் பெருமையை அனுபவிக்க நேரமில்லை. அடுத்தது நான்கு வயதுக்காரர்கள்.

நால்வரில் மூன்று பேர் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டுக் கூட்டல் அடையாளத்தைப் பார்த்து வரைந்தார்கள். லதுஷா ஒரு வட்டம் போட்டாள். வடிவான வட்டம்தான், ஆனாலும் வட்டம். எண்ணச் சொன்னதற்கு ஒன்று, இரண்டு, மூன்றைச் சரியாகச் சொல்லிவிட்டு எட்டுக்குத் தாவினாள்.

கடைசியாக பிஸ்கட் டின். உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டால் எல்லாப் பிள்ளையும் பிஸ்கட் என்கிறது. திறந்தால் பொத்தான்கள். மூடிவிட்டு, இப்போது உன் அம்மா வந்து இதைப் பார்த்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று நினைப்பாள் என்று மிஸ் கேட்டார். மற்ற மூவரும், அம்மாவை ஏமாற்றப்போகும் சந்தோசத்தோடு, பிஸ்கட் என்றார்கள். லதுஷா தயங்கவே இல்லை.

“பொத்தான்,” என்றாள். தனக்குத் தெரிந்தது அம்மாவுக்கும் தெரியும் என்று நினைக்கிற வயது அது. மூன்று வயதுக்கு அது சரி. நாலரை வயதுக்குப் பிந்தியது.

மிஸ் பேனாவைத் திறந்து அந்த லிஸ்டை எடுத்தார்.

“இது ஒண்டை மட்டும் வைச்சு நான் முடிவெடுக்கேல்லை, விஜயலெட்சுமி. எல்லாத்திலையும் பிள்ளை பின்னுக்கு நிக்குது. இப்பவே உதவி கிடைச்சா நல்லது. உம்மடை சொந்தம் எண்டு தெரியும். கவலைதான்.”

“மிஸ், மத்தியானம் வரைக்கும் பொறுப்பீங்களா? அம்மாமாரு கொழுந்து நிறுத்துட்டு வருவாங்க.”

“ஏன்?”

விஜி கொப்பியைத் திருப்பி லதுஷாவின் இரண்டாம் பக்கத்தைக் காட்டினாள். வந்து சேர்ந்த வாரத்தில் லதுஷா டின்னில் கல்லைப் போடுவாள், கொட்டுவாள், திரும்பப் போடுவாள். அவ்வளவுதான் விளையாட்டு. இப்போது சாக்குத் துண்டைத் தலையில் மாட்டிக் கொழுந்து பறிக்கிறாள். பறித்ததைக் கணக்கப்பிள்ளையாக மாறி நிறுக்கிறாள். போன வாரம் பொம்மையைப் பார்த்து, கொழுந்து பத்தாது, உனக்கு இன்றைக்கு அரை நாள்தான் என்று திட்டியிருக்கிறாள். அன்று ஆறு கட்டை அடுக்கினாள், இப்போது ஒன்பது. அன்று கோடு, இன்று வட்டம்.

“மந்தமான புள்ள மூணு மாசத்துல ஒரு மாசத்து வளர்ச்சிதான் காட்டும் மிஸ். இவ மூணு மாசத்துல மூணு மாசத்துக்கு வளந்திருக்கா. கொஞ்சங்கூடக் குறையல. ஓடுற வேகம் சரியா இருக்கு. நம்ம ஓட ஆரம்பிச்ச எடத்தத்தான் தப்பா குறிச்சிருக்கோம்.”

“அப்ப?”

“வயசு தப்புங்க மிஸ்.”

சத்தியபாமா கண்ணாடியைக் கழற்றினார். பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தின் பிரதி கையிலேயே இருந்தது. புவனேந்திரன், புஸ்பராணி, மகள் லதுஷா, 1999 ஜனவரி. முத்திரையோடு இருக்கிறது. பத்திரத்தை நம்பாமல் பிள்ளையை நம்பச் சொல்கிறீரா என்று கேட்டார். விஜி ஆமென்று தலையாட்டிவிட்டு, பக்கத்தின் அடியில் நேற்றுப் பென்சிலால் எழுதியதைக் காட்டினாள். மூன்று வருடம் இரண்டு மாதம். ஒரு மாதம் முன்பின் இருக்கலாம்.

மத்தியானம் வரைக்கும் பொறுப்பதாக மிஸ் ஒத்துக்கொண்டார். அதற்கு மேல் இருக்க முடியாது, ஹாலிஎலயில் இன்னொரு தோட்டம் இருக்கிறது.

*

கொழுந்து நிறுத்து முடித்துவிட்டுப் பெண்கள் கும்பலாக வந்தார்கள். பால் கொடுக்கிறவர்கள் உள்ளே போய் உட்கார்ந்தார்கள். புஸ்பராணி மட்டும் வெளியே பைப்படியில் நின்று, அவசியமில்லாமல் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். விஜி அவள் பக்கத்தில் போய் நின்றாள்.

“அக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கிறேன். லதுஷா எப்பப் பொறந்தா?”

“பத்திரத்துல பாரு.”

“பாத்துட்டேன். அது இவ இல்ல.”

புஸ்பராணி பைப்பை மூடினாள். திரும்பிப் பார்க்கவில்லை. காற்று தேயிலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அடித்துக்கொண்டிருந்தது. அவள் அழுவாள் என்று விஜி நினைத்தாள். அழவில்லை. நான்கு வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததை, எங்கே தொடங்குவதென்று தெரியாமல், நடுவிலிருந்து தொடங்கினாள்.

நாலாம் மாதத்தில் காய்ச்சல். விடியக் காலையில் வலிப்பு வந்தது. லொறி கிடைத்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே முடிந்துவிட்டது. நமுனுகுலையிலேயே, மலைக்கு அடியில் புதைத்தார்கள். செத்ததைப் பதிய வேண்டுமென்று யாரும் சொல்லவில்லை, யாருக்கும் தோன்றவும் இல்லை. பிறந்ததைப் பதியவே இரண்டு நாள் வேலை போனது. அடுத்த வருடம் சித்திரையில் லயத்துக் காம்பராவிலேயே இன்னொன்று பிறந்தது. அதுவும் பொம்பிளைப் பிள்ளை. அதே மூக்கு. பார்க்க வந்த அழகர், பிள்ளையின் காதுக்குப் பின்னால் அதே இடத்தில் இருந்த மச்சத்தைத் தொட்டுப் பார்த்து, போனவள்தான் திரும்பி வந்திருக்கிறாள் என்றார்.

இது அழகர் கண்டுபிடித்ததல்ல. போன பிள்ளை அதே வயிற்றில் திரும்பும் என்று நம்பாத வீடு நம்மில் எத்தனை இருக்கிறது? அந்த நம்பிக்கை இல்லாவிட்டால் பல தாய்மார் மறுபடி எழுந்து நின்றிருக்க மாட்டார்கள். திரும்பி வந்தவளுக்குப் புதுப் பெயர் எதற்கு? பெயர் இருக்கிறது, பெட்டியில் பத்திரமும் இருக்கிறது. புவனேந்திரன் எதையும் பதியாமல் அதோடு விட்டுவிட்டான். இனி அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது என்றும் சொல்லிவிட்டான். இந்தப் பிழையைச் செய்ய ஏமாற்றுக்காரன் தேவையில்லை, பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன் போதும்.

“வயசு கேட்டா பத்திரத்துல உள்ளதத்தான் சொல்லுவேன். சொல்லிச் சொல்லி எனக்கே அதுதான் வயசுன்னு ஆயிருச்சு. நீ எழுதினதப் பாத்ததுமே எனக்குப் புரிஞ்சிருச்சு விஜி. எம் புள்ள மந்தமில்லன்னு எனக்குத் தெரியும். ஆனா சொன்னா, அவ போயிட்டான்னு நானே வாயால சொன்ன மாதிரி ஆயிருமே.”

விஜி அந்த இடத்தில் எதையும் விளக்க முயலவில்லை. அழகரின் நம்பிக்கையைத் தப்பென்று சொல்லவும் இல்லை. ஒன்று மட்டும் கேட்டாள்.

“போனவளோட வயசையும் சேத்து இவ ஏங்கா தூக்கணும்?”

புஸ்பராணி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்தாள். ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். பிறகு விஜியைத் தாண்டி உள்ளே நடந்தாள்.

*

உள்ளே பதினைந்து பெண்களாவது இருந்திருப்பார்கள். தனியாகப் பேச வேண்டுமா என்று மிஸ் கேட்டார். வேண்டாம் என்றாள் புஸ்பராணி. ஒன்பது நாளாக லயம் முழுக்க என் பிள்ளையைப் பற்றிப் பேசியது, கேட்பதையும் லயமே கேட்கட்டும் என்றாள். இவள் பிறந்தது இரண்டாயிரமாம் ஆண்டு சித்திரை பதினேழு என்று நாளோடு சொன்னாள். முதல் பிள்ளையைப் பற்றியும் சொன்னாள். ஒருத்தி எழுந்து வந்து புஸ்பராணியின் தோளில் கை வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள்.

சத்தியபாமா விரலை மடக்கி மாதங்களை எண்ணினார். பிறகு விஜியின் கொப்பியில் பென்சிலால் எழுதியிருந்ததைப் பார்த்தார். மூன்று வருடம் இரண்டு மாதம். பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பத்திரத்தைப் பாராமல் பிள்ளையைப் பார்த்து மாதம் சொல்லியிருக்கிறீர். இதைப் பெரிய பெரிய படிப்புப் படிச்ச ஆக்களிட்டையும் நான் காணேல்லை.”

சதீசனின் பெண்சாதி பிள்ளைகளோடு விளையாடிச் சம்பளம் வாங்குகிறாள் என்று பேசியவர்கள் அந்தக் கூட்டத்திலேயே நான்கு பேர் இருந்தார்கள். இப்போது நால்வரும் விஜியை ஏறிட்டுப் பார்த்தார்கள். எங்கள் தோட்டத்துப் பிள்ளைக்காம்பரா மிஸ் என்று நாளைக்குக் கொழுந்து மலையில் பேசப்போகிறவர்களும் அவர்களேதான். ஊர் வாய் அப்படித்தான். ஆனால் அந்த நேரத்தில் விஜி பார்த்தது ஓரகத்தியை மட்டும்தான். புஸ்பராணி அவளைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். ஒன்பது நாளுக்குப் பிறகு வந்த அந்த ஒரு அசைவில் விஜியின் கண் நிறைந்துவிட்டது.

மிஸ் லிஸ்டை மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மூன்று வயதுக்கான தாளை எடுத்தார். லதுஷாவை மறுபடி கூப்பிட்டார். வட்டம் சரி. ஒன்பது கட்டை சரி. பெரியது, சின்னது, மேலே, கீழே, எல்லாம் சரி. பெயரைச் சொன்னாள், அம்மா பெயரைச் சொன்னாள், தாத்தாவுக்குப் பல் இல்லை என்று கேட்காததையும் சொன்னாள். மிஸ் ஒளிந்துகொள்ளச் சொன்னதும் நடு அறையில் நின்று இரண்டு கையாலும் கண்ணை மூடிக்கொண்டு, என்னைக் கண்டுபிடியுங்கள் என்றாள். பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். மூன்று வயதுத் தாளில் ஒரு இடம்கூடக் காலியாக இல்லை.

“எம் புள்ளங்க அது,” என்றாள் புஸ்பராணி, பொதுவாக எல்லாருக்கும். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். இங்கே தாளிலேயே எழுதி வைத்தாகிவிட்டது.

ஆனால் சத்தியபாமா மிஸ் சட்டத்தை விடுகிற ஆளில்லை. வயதைத் தாளில் பென்சிலால்தான் எழுதுவேன் என்றார். மாத முடிவுக்குள் பதிவாளரிடம் போக வேண்டும். மூத்தவளின் இறப்பை இப்போதாவது பதிய வேண்டும், இவளின் பிறப்பைத் தனியாகப் பதிய வேண்டும். இரண்டுக்கும் தகப்பன் வந்து கையெழுத்து வைக்க வேண்டும். அவன் வைக்காவிட்டால் பழைய பத்திரம்தான் செல்லும், பழைய லிஸ்டும் திரும்ப வெளியே வரும். புவனேந்திரன் வைப்பானா என்று அந்த அறையில் யாருக்கும் தெரியாது. அந்தப் பேச்சை எடுக்கவே கூடாது என்றவன் அவன்.

“அவருகிட்ட நானே சொல்றேன்,” என்றாள் புஸ்பராணி. தலை குனியவில்லை.

மிஸ் புதுப் படிவம் ஒன்றை எடுத்து நிரப்பத் தொடங்கினார். தோட்டத்தின் பெயர், லய இலக்கம், தகப்பன், தாய். அடுத்த கேள்வியை வழக்கம் போலவே கேட்டார்.

“எத்தினை பிள்ளையள்?”

நான்கு வருடமாகக் கிராம சேவகர் கேட்டபோதும், டிஸ்பென்சரியில் கேட்டபோதும், காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் பெயர் எழுதும்போது கேட்டபோதும் புஸ்பராணி ஒரே பதிலைத்தான் சொல்லி வந்திருக்கிறாள். விஜி அவள் முகத்தைப் பார்த்தாள்.

“ரெண்டுங்க,” என்றாள் புஸ்பராணி.

மிஸ்ஸின் பேனா நின்று, பிறகு எழுதியது. மூத்த பிள்ளையின் பெயர் என்ன என்று கேட்டார். லதுஷா, நமுனுகுலையில இருக்கா என்றாள் புஸ்பராணி. அதையும் எழுதிவிட்டு மிஸ் அடுத்த வரிக்கு வந்தார்.

“சின்னவளின்ரை பெயர்?”

காலடியில் அவள் மகள் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். புஸ்பராணி குனிந்து அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். முதல் முறையாகப் பார்க்கிறவளைப் போல அந்த முகத்தைப் பார்த்தாள்.

“சின்னவளுக்கு இன்னும் பேரு வைக்கலைங்க மிஸ்.”